பெட்டியை நம்பாதீர்கள், தோட்டாவின் அடியைப் பாருங்கள்

டெக்சாஸில் இருக்கும் நம்மவர்கள், குறிப்பாகக் கொரோனா சமயத்தில் முதல்முறையாகத் துப்பாக்கி வாங்கியவர்கள், தயவுசெய்து இதை முழுக்கப் படியுங்கள். மூன்று வாரத்துக்கு முன்னால் என் வலது கை போயிருக்க வேண்டியது.

2020 ஜூனில் கடைக்குப் போனபோது கண்ணாடி அலமாரிகள் பாதி காலி. நான் கேட்டது 9 எம்.எம். பிஸ்டல். "அது தீர்ந்துபோச்சு, இந்த .380ஐ எடுத்துக்கோங்க, இதுவும் 9 எம்.எம். மாதிரிதான், தோட்டா அடுத்த வாரம் வந்துடும்" என்றார் விற்பனையாளர். குண்டின் பருமன் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் பித்தளைக் கூட்டின் நீளம் .380க்கு 17 மில்லிமீட்டர், 9 எம்.எம்.முக்கு 19. ஒன்றுக்கு உண்டான தோட்டாவை மற்றதில் போடக் கூடாது. அதை அவர் சொல்லவில்லை. கையில் இருந்த சரக்கைத் தள்ளிவிட்டார், கூடவே 50 தோட்டா உள்ள ஒரே ஒரு பெட்டி.

அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. அமெரிக்கா முழுக்க 2019இல் 2 கோடியே 84 லட்சமாக இருந்த துப்பாக்கிப் பின்னணிச் சோதனைகள் (ஆளுக்குக் குற்றப் பின்னணி உண்டா என்று பார்ப்பது) 2020இல் 3 கோடியே 97 லட்சத்தைத் தொட்டன. பிரைமர், அதாவது தோட்டாவின் அடியில் இருந்து வெடிமருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி, அதைச் செய்யும் பெரிய ஆலைகள் இந்த நாட்டில் விரல்விட்டு எண்ணும் அளவுதான். தோட்டா கம்பெனிகள் அதிகம் விற்கும் 9 எம்.எம்.மையே முதலில் தயாரித்தன. .380க்கு எப்போதாவதுதான் முறை வந்தது. முன்பு 20 டாலருக்குள் கிடைத்த பெட்டி 50 டாலரைத் தாண்டியது, அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்கும் முன் தோட்டா அலமாரியைப் போய்ப் பார்த்திருக்க வேண்டும். எனக்கு அது தோன்றவே இல்லை.

முதலில் ஏமாந்தது இணையத்தில். ஊரெங்கும் இல்லாத .380, 500 தோட்டா 210 டாலர் என்று ஒரு தளம். கிரெடிட் கார்டு வாங்க மாட்டார்களாம், வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்பும் ஸெல்லில் (Zelle) மட்டும் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். பார்சல் எண் கூட வந்தது, பார்சல் வரவில்லை. "நீங்களே அனுமதித்து அனுப்பிய பணம்" என்று வங்கி கைவிரித்துவிட்டது. எச்-1பி வேலை விசாவில் இருக்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை: வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, அந்த விசாவில் துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டா வைத்திருப்பதே மத்திய சட்டப்படி குற்றம். இந்த மாதிரித் தளங்கள் அதையெல்லாம் கேட்காது.

இரண்டாவது, மார்ச்சில் ஒரு கன் ஷோ, அதாவது துப்பாக்கிச் சந்தை. வாசலை ஒட்டிய மேசையில், எல்லோருக்கும் தெரிந்த கம்பெனியின் பெயர் அச்சடித்த மூன்று பெட்டிகள். "ஃபேக்டரி சரக்கு, கடைசி மூணு" என்றார் அந்தப் பெரியவர். பெட்டி 45 டாலர். பின்னால் இரண்டு பேர் நிற்கிறார்கள் என்ற பதற்றத்தில் திறந்துகூடப் பார்க்காமல் காசைக் கொடுத்தேன். ரசீது இல்லை.

மறுநாள் ரேஞ்சில், அதாவது சுட்டுப் பழகும் இடத்தில், முதல் ஏழெட்டு தோட்டா நன்றாகத்தான் போனது. அடுத்தது வெடிக்கவில்லை, 'டப்' என்று சோடா மூடி திறந்த மாதிரி ஒரு சத்தம். கை உதைக்கவில்லை. குறி அட்டையில் புது ஓட்டையும் இல்லை. ஏதோ சிக்கிக்கொண்டது என்று நினைத்து துப்பாக்கியின் மேல் பாகமான ஸ்லைடைக் கையால் இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றினேன். விரல் டிரிக்கரில். "சீஸ் ஃபயர்!" (சுடுவதை நிறுத்து) என்று பின்னாலிருந்து, அங்கே பாதுகாப்பைக் கவனிக்கும் ரேஞ்ச் ஆபீஸர் கத்தினார்.

துப்பாக்கியைக் காலி செய்து, ஒரு பித்தளைக் கம்பியைக் குழலுக்குள் விட்டுக் காட்டினார். பாதியில் நின்றது. வெடிமருந்தே போடாத தோட்டா. பிரைமரின் வேகம் மட்டும் குண்டைத் தள்ளி, நடுக்குழலில் செருகியிருந்தது. அடுத்ததைச் சுட்டிருந்தால் குழல் என் கையிலேயே பிளந்திருக்கலாம். சுத்தியலால் தட்டிக் குண்டை வெளியே எடுத்தபோது அதில் புகைக்கரி அப்பியிருந்தது. எனக்கு அரை மணி நேரம் கை நடுக்கம் நிற்கவில்லை.

அப்புறம்தான் இருபது வருஷமாகச் சுடும் மதுரைக்கார அண்ணன் ஒருவரிடம் பெட்டிகளைக் கொண்டுபோனேன். தோட்டாக்களைத் தலைகீழாக நிறுத்தினார். "தம்பி, அடியில என்ன எழுதியிருக்குன்னு படிங்க." ஒரே பெட்டிக்குள் ஆறு கம்பெனிகளின் முத்திரை! சில பிரைமர் வெள்ளி நிறம், சில பித்தளை நிறம். கூடுகளின் பக்கவாட்டில் பழைய கீறல். ரேஞ்சில் பொறுக்கிய காலிக் கூடுகளில் யாரோ வீட்டில் மருந்தடைத்து, பழைய கம்பெனிப் பெட்டியில் அடுக்கி விற்றிருக்கிறார்கள். விற்பனைக்காக இப்படிச் செய்ய மத்திய உரிமம் வேண்டும். பல துப்பாக்கி கம்பெனிகள் இப்படி மறுபடி அடைத்த தோட்டாவை (ரீலோட்) போட்டுச் சுட்டால் வாரண்டியே தருவதில்லை. மருந்து இல்லாததைப் பிரித்துவிடலாம் என்று சமையலறைத் தராசில் எடை போட்டும் பார்த்தேன். ஒவ்வொரு கம்பெனிக் கூடும் ஒவ்வொரு எடை, ஒன்றும் தேறவில்லை. மிச்சம் அத்தனையையும் அழிக்கச் சொல்லி ரேஞ்சிலேயே கொடுத்துவிட்டேன்.

ஷோ நடத்துபவர்களைக் கூப்பிட்டேன். மேசையை வாடகைக்கு விடுவதோடு தங்கள் வேலை முடிந்தது என்றார்கள். அடுத்த மாதமும் ஷோ இருக்கிறது, அந்த மேசையும் இருக்கும். போகிறவர்கள் பின்னால் எத்தனை பேர் நின்றாலும் பெட்டியைத் திறந்து, பத்துத் தோட்டாவையாவது கவிழ்த்து, அடியில் உள்ள முத்திரை ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். திறக்கக் கூடாது என்று அவர் சொன்னால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.