ஒரே சான்றிதழ், ஊர்ப்பட்ட கடைகள்

மன்னார்குடி நண்பர் போன வாரம் கேட்டார்: “மூணு கடைக்கு மூணு வெப்சைட் இருக்குண்ணே. தனித்தனியா எஸ்எஸ்எல் போடணுமா, ஒண்ணு போதுமா?” எஸ்எஸ்எல் என்று அவர் சொல்வது வெப்சைட்டுக்கான பாதுகாப்புச் சான்றிதழை. ஒன்றே போதும் என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் பல கடைக்குப் பொதுவான அப்படி ஒரு சான்றிதழோடு சில வருடமாகக் குப்பை கொட்டுகிறவன் நான். வாய் சும்மா இருக்குமா?

என்னிடம் இருப்பது ஒரே சர்வர். நாச்சியார்கோயில் குத்துவிளக்குக் கடை, திருபுவனம் பட்டுக்கடை, கும்பகோணத்தில் ஒரு கல்யாண மண்டபம், இன்னும் சில. எல்லாம் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு தரும் ஒரே இலவசச் சான்றிதழில் இருக்கின்றன. ஒன்றில் 100 தளப் பெயர் வரை சேர்க்கலாம். முன்னால் ‘டபிள்யூ டபிள்யூ டபிள்யூ’ உள்ளது ஒரு பெயர், இல்லாதது வேறு பெயர். ‘வைல்டுகார்டு’ என்ற வகைச் சான்றிதழ் இதற்கு ஆகாது. அது ஒரு டொமைனின், அதாவது ஒரே தள முகவரியின், துணைப் பெயர்களுக்குத்தான்.

போடுவது சுகம். சான்றிதழ் வாங்கித் தரும் செர்ட்பாட் என்ற மென்பொருளிடம் பெயர்களை வரிசையாகச் சொன்னால் போதும். ஒவ்வொரு தளத்திலும் ஒரு சின்னக் கோப்பை அது வைக்கும். லெட்ஸ் என்கிரிப்ட்காரர்கள் 80-ஆம் போர்ட் (சர்வரின் வழக்கமான வெப் வாசல்) வழியாக வந்து அதைப் படித்துப் பார்த்துவிட்டுச் சான்றிதழைக் கொடுத்துவிடுவார்கள். காப்பி ஆறுவதற்குள் வேலை முடியும். எல்லாக் கடைக்கும் ஒரே கெடு தேதி, பார்க்க ஒரே லாக் (நடந்ததை எழுதிவைக்கும் பதிவு). இதைக் குறை சொன்னால் நாக்கு அழுகும்.

எரிச்சல் புதுப்பிக்கும்போதுதான். கூட்டுப் பட்டாவில் ஒரு பங்காளி கையெழுத்துக்கு வராவிட்டால் மொத்த நிலமும் நிற்குமே, அதே கதை. ஒரு பெயர் சரிபார்ப்பில் தோற்றாலும் மொத்தச் சான்றிதழும் வராது. மண்டபத்துக்காரர் டொமைனுக்கு வருடப் பணம் கட்டவில்லை. அந்தப் பெயர், டொமைன் விற்பவரின் விளம்பரப் பக்கத்துக்குத் திரும்பிவிட்டது. நம் கோப்பைத் தேடி வந்தவர்கள் அங்கே போய் நின்றார்கள், கிடைக்கவில்லை. சான்றிதழின் ஆயுள் 90 நாள். கடைசி 30 நாளில் செர்ட்பாட் தானாக முயலும். தினமும் முயன்றது, தினமும் தோற்றது. கெடு நெருங்குகிறது என்று முன்பு மின்னஞ்சலாவது வரும். 2025 ஜூனோடு அதையும் நிறுத்திவிட்டார்கள். லாக்கைப் பார்த்துத்தான் பிடித்தேன். அதுவும் ஆடித் தள்ளுபடிக்குப் பட்டுக்கடை சுடச்சுட விளம்பரம் போட்டிருந்த நேரம். பிடிக்காமல் விட்டிருந்தால், சேலை பார்க்க வந்தவர் போனில் ‘இந்தத் தளம் பாதுகாப்பில்லை’ என்று நின்றிருக்கும். மண்டபத்துக்காரரைக் கூப்பிட்டால், “முகூர்த்த நாள் தம்பி, நாளைக்குக் கட்டுறேன்” என்கிறார். அவர் பெயரைக் கழற்றிவிட்டுத்தான் மற்றவர்களைக் காப்பாற்றினேன்.

தோற்ற பெயரை விட்டுவிட்டு மிச்சத்துக்கு வாங்கும்படி செர்ட்பாட்டைப் பழக்கலாம். ஆனால் அது சத்தமில்லாமல் விட்டுவிடும். விடுபட்ட கடைக்காரர் போன் செய்துதான் நமக்குத் தெரியும்.

அப்புறம் ஒன்று. சான்றிதழைத் திறந்தால் உள்ளே இருக்கும் எல்லாப் பெயரையும் யாரும் படிக்கலாம். பட்டுக்கடை அண்ணாச்சியின் மகன் ஒருநாள் திறந்து பார்த்துவிட்டு, “நம்ம கடைக்கும் விளக்குக் கடைக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்டான். சர்வர்தான் சம்பந்தம் என்றேன். நம்பவில்லை.

நியாயமாகப் பார்த்தால் இந்தக் கூட்டுக் குடித்தனத்துக்கு இப்போது அவசியமே இல்லை. ஒரு ஐபிக்கு (சர்வரின் இணைய முகவரி எண்) ஒரு சான்றிதழ்தான் என்றிருந்த காலத்தில் வேறு வழி கிடையாது. எந்தத் தளம் வேண்டும் என்று பிரவுசர் முதலிலேயே சொல்லிவிடும் எஸ்என்ஐ என்ற முறை வந்த பிறகு ஒரே ஐபியில் எத்தனை சான்றிதழ் வேண்டுமானாலும் வைக்கலாம், பணமும் இல்லை. இனிமேல் ஆயுளும் சுருங்கப் போகிறது: யாரிடம் வாங்கினாலும் 2029 மார்ச் 15 முதல் 47 நாளுக்கு மேல் கிடையாது. புதுப்பிக்கும் தடவை கூடினால் பங்காளித் தகராறும் கூடும்.

அதனால் நண்பரிடம், மூன்றும் உன் கடைதான், பணம் கட்டுவதும் நீதான், ஆனாலும் தனித்தனியாகவே போடு என்றேன். நான் பிரிக்கப் போவதில்லை. மாயவரத்து டியூஷன் சென்டர் பெயரைக்கூட நேற்று அதே சான்றிதழில்தான் சேர்த்தேன், டொமைன் கெடு தேதியை அவரிடம் வாட்ஸப்பில் எழுதி வாங்கிக்கொண்டு.