‘பாக்ஸ் பீஸ்’ ரேசர் வி3: பார்சலில் வருவது என்ன?

“புத்தம் புதிய பாக்ஸ் பீஸ், 1.3 மெகாபிக்சல் கேமரா, மெமரி கார்டு போடலாம், எல்லா சிம்மும் எடுக்கும்.” இந்த விளம்பரத்தை நம்பி 4,500 ரூபாய் கட்டி வரவழைத்த மோட்டோரோலா ரேசர் வி3 மடக்கு போன் ஒன்று சர்வீஸுக்கு வந்தது. சொன்ன நான்கில் ஒன்றுகூட உண்மையில்லை. விற்றவர் பணத்தைத் திருப்பித் தரவும் இல்லை. இதே வாசகம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

வி3 வெளிவந்தது 2004இல். இப்போது ‘புதிது’ என்று வருபவற்றில் பெரும்பாலானவை பழைய போர்டுக்குப் புதுச் சட்டை போட்டவைதான். கீபேடில் கண்டுபிடித்துவிடலாம். ஒரிஜினல் கீபேடு ஒரே உலோகத் தகட்டில் வெட்டியது. தொட்டால் சில்லென்று இருக்கும், நீல வெளிச்சம் எல்லா எண்ணிலும் சமமாகப் பரவும். டூப்ளிகேட்டில் வெள்ளிப் பெயின்ட் அடித்த பிளாஸ்டிக். வந்த போனில் 5க்கும் 8க்கும் வெளிச்சமே இல்லை.

கேமரா வெறும் விஜிஏ, 640 x 480. ஃபிளாஷ் கிடையாது. உள் நினைவகம் சுமார் 5 எம்பி, கார்டு போட இடமே இல்லை. 1.23 மெகாபிக்சலும் கார்டு ஸ்லாட்டும் அடுத்து வந்த வி3ஐ மாடலுக்குத்தான். அதன் விவரத்தை எடுத்து இதற்கு ஒட்டிவிடுகிறார்கள். அமெரிக்காவிலிருந்து வரும் வி3சி இன்னும் மோசம்: அது சிடிஎம்ஏ என்ற வேறு வகை நெட்வொர்க்குக்கானது, சிம் ஸ்லாட்டே இருக்காது.

வி3 2ஜி மட்டும் எடுக்கும். ஜியோவில் 2ஜி இல்லை என்பதால் அந்த சிம்மைப் போட்டால் சிக்னல் வராது. சிங்கப்பூரில் 2ஜியை 2017லேயே நிறுத்திவிட்டார்கள், அங்கிருப்பவர்கள் அலமாரியில் வைக்கத்தான் வாங்கலாம். சிம் போட்டதும் ‘சப்சிடி பாஸ்வேர்ட்’ கேட்டால் போன் வெளிநாட்டு நிறுவனத்துக்கு லாக் ஆனது. நானோ சிம்மை அடாப்டரில் வைத்துத் திணிக்காதீர்கள், இழுக்கும்போது ஸ்லாட்டின் பின்கள் வளைந்துவிடும்.

உண்மையான நோய் கீல்தான். மேல்மூடிக்குப் போகும் ஸ்ட்ரிப், அதாவது திரையையும் போர்டையும் இணைக்கும் மெல்லிய வளையும் பட்டை, அதன் வழியாகத்தான் ஓடுகிறது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மடங்கி மடங்கி, நாளடைவில் உள்ளிருக்கும் தடங்கள் விரிசல் விடும். முழுதாகத் திறந்தால் திரை வெள்ளையாகும், பாதி மூடினால் படம் வரும், பேசும்போது காதுச் சத்தம் விட்டுவிட்டுக் கேட்கும். விற்பனைப் படத்தில் இது தெரியவே தெரியாது. மெதுவாகப் பத்து முறை திறந்து மூடும் வீடியோ கேளுங்கள், திரை எரிந்தபடி, வெட்டாமல்.

சார்ஜ் விஷயத்தில் மட்டும் விற்றவரைத் திட்டுவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். மினி யுஎஸ்பி கேபிளைச் சாதாரண சார்ஜரில் செருகினால் இந்த போன் ‘அனேபிள் டு சார்ஜ்’ என்று மறுக்கும். கேபிள் முனையின் ஐந்து பின்களில், என்ன செருகப்பட்டது என்று காட்டும் ஐடி பின்னைப் பார்த்துத்தான் அது தன் சார்ஜரை அடையாளம் காண்கிறது. மோட்டோரோலா சார்ஜரிலும் ஏறவில்லை என்றால்தான் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டும். பேட்டரி பிஆர்50, ஒரிஜினலின் கொள்ளளவு 710 எம்ஏஎச். அதே அளவில் 1,500 என்று அச்சடித்திருந்தால் ஸ்டிக்கர் மட்டும்தான் பெரிது. பின்மூடி லேசாக எழும்பி நின்றால் பேட்டரி உப்பியிருக்கிறது, சார்ஜ் போடவே வேண்டாம்.

*#06# அழுத்தி வரும் 15 இலக்க ஐஎம்இஐயும் (போனின் அடையாள எண்) பேட்டரிக்கு அடியிலுள்ள லேபிளும் ஒத்துப்போக வேண்டும். இந்தியாவில் கேஒய்எம் என்று ஆங்கிலத்தில் தட்டி, இடம் விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், திருட்டுப் போனென்று முடக்கப்பட்டதா என்பது தெரிந்துவிடும். வந்த போனில் லேபிளையே சுரண்டி எடுத்திருந்தார்கள்.

பார்சலை வீடியோ எடுத்தபடியே பிரியுங்கள். குறை தெரிந்தாலும் ஸ்க்ரூவில் கை வைக்காதீர்கள், “நீங்களே கழற்றிக் கெடுத்துவிட்டீர்கள்” என்பதுதான் ரிட்டர்ன் மறுக்க அவர்கள் முதலில் எடுக்கும் சாக்கு. விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டை அது நீக்கப்படும் முன் எடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுங்கள்.