பச்சை வலையா, சருகு மூடாக்கா?

கத்திரி வெயில் மே மாதம்தான் என்றாலும், வேலூரில் மார்ச் கடைசியிலேயே மாடியில் பைகளில் வளர்க்கும் செடிகள் வாடத் தொடங்கிவிடும். மிளகாய்ப் பூ கொட்டும், தக்காளி இலை மேல்நோக்கிச் சுருளும், வெயில் நேராக விழும் பக்கத்தில் காய் வெளுத்துத் தோல் காகிதம்போல் ஆகிவிடும். ஒரு கோடை முழுக்கச் செடிகளுக்கு மேலே நிழலுக்காகப் பச்சை வலை கட்டிப் பார்த்தேன். அடுத்த கோடையில் வலையை எடுத்துவிட்டு மூடாக்கு போட்டேன், அதாவது செடியைச் சுற்றி மண்ணைச் சருகால் மூடினேன். இந்த வருஷமும் மூடாக்குதான்.

வலை நல்லதில்லை என்று சொல்லமாட்டேன். 50 சதவீத நிழல் வலைக்குக் கீழே இலை கருகாது, கீரையும் கொத்தமல்லியும் பச்சென்று இருக்கும். வெண்டை, கத்திரிக்கு முழு வெயில் வேண்டும், அவை நிழலில் நெடுநெடுவென்று வளர்ந்து காய் குறைந்துவிட்டது.

ஆனால் என்னை மாற வைத்தது பராமரிப்பு. ஏப்ரல், மே மாலைகளில் இடிமழைக்கு முன்னால் ஒரு காற்று அடிக்குமே, அதில் வலை பாய்மரம் மாதிரி உப்பும். சவுக்குக் கம்பில் நைலான் கயிறு போட்டுத்தான் கட்டியிருந்தேன். காற்று அடித்த ஒவ்வொரு முறையும் ஏறி இறுக்க வேண்டும். ஒருநாள் நாங்கள் ஊரில் இல்லாதபோது கம்போடு சாய்ந்து, காய்த்திருந்த மிளகாய்ச் செடிகள் ஏழும் முறிந்துபோயின. இரும்புக் குழாயில் சட்டம் அடித்தவர்களுக்கு இந்தத் தொல்லை இருக்காது என்றே நினைக்கிறேன்.

மூடாக்கில் அந்தப் பயம் இல்லை. முதலில் நன்றாகத் தண்ணீர் விட்டு, அதன்மேல் மூன்று அங்குலத்துக்குச் சருகு. தண்டை ஒட்டி இரண்டு விரல் இடம் விட வேண்டும், இல்லாவிட்டால் அழுகும். மதியம் இரண்டு மணிக்குச் சருகை விலக்கி விரலை விட்டால் மண் ஈரமாக, குளிர்ந்தே இருக்கும். மூடாத பையில் மேல்மண் சுடும், மண்ணோடு கலந்திருக்கும் தென்னை நார்க்கழிவு காய்ந்து சுருங்கி, ஊற்றும் தண்ணீர் பையின் ஓரமாகவே வழிந்து வெளியே போய்விடும். இரண்டு வேளை ஊற்றியவள் இப்போது காலையில் மட்டும் ஊற்றுகிறேன்.

வேலையே இல்லை என்றும் இல்லை. ஒரு மாதத்தில் சருகு பாதியாக அமுங்கிவிடும், மேலே போட வேண்டும். ஜூஸ் கடையில் கரும்புச் சக்கை சும்மாவே கிடைக்கும், அலசி இரண்டு நாள் காயவைக்காவிட்டால் எறும்பு மொய்த்துவிடும். மூடாக்கு மேல்மண்ணைத்தான் காக்கும், பையின் பக்கவாட்டுச் சூட்டுக்குப் பைகளை நெருக்கி வைத்து, அடியில் செங்கல் கொடுத்திருக்கிறேன்.

தக்காளிக்கு மட்டும் இது போதாது. பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் புழுக்கம் குறையாவிட்டால் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும். இருக்கும் காயைக் காக்கவாவது தக்காளிப் பைகளைத் தண்ணீர்த் தொட்டியின் கிழக்குப் பக்கம் நகர்த்திவிட்டேன், மதியத்துக்குமேல் அங்கே நிழல். கருகிய இலைகளையும் கிள்ளுவதில்லை, காய்க்கு அவைதான் குடை.