பாசிக்குடாவில் ஸ்கூபா சாமான்: மாஸ்க் மட்டும் வாங்குங்கள், மற்றது வாடகைக்கு

காற்றுச் சிலிண்டரோடு கடலுக்கடியில் நீந்தும் ஸ்கூபா பழகத் தொடங்கியதும் முழு செட்டையும் வாங்கிவிடக் கை துறுதுறுக்கும். வேண்டாம். பாசிக்குடாக் கரையில் நான் போகும் சின்னக் கடையில் எல்லாமே வாடகைக்கு இருக்கிறது. மாஸ்க் மட்டும் சொந்தமாக இருக்கட்டும்.

அதைத் தெரிவு செய்து தந்த விதம்தான் எனக்குப் பிடித்தது. "அக்கா, பட்டியைப் போடாம முகத்தில வச்சு மூக்கால இழுங்கோ, கையை விடுங்கோ" என்றார் கடைத் தம்பி. விழாமல் ஒட்டி நின்றால் அதுதான் அளவு. விலை கூடியது மூக்கோரம் காற்று விட்டது, மலிவானது கச்சிதம். புதுக் கண்ணாடியில் ஆவி படியாமலிருக்க உட்புறத்தைப் பற்பசையால் தேய்த்தும் தந்தார்.

சிலிண்டரில், மூச்சுக்குக் காற்றைத் தரும் ரெகுலேற்றரைப் பூட்டுமுன் வால்வின் ரப்பர் வளையத்தை விரலால் தடவிப் பார்ப்பார்கள். வெடிப்பிருந்தால் உடனே மாற்றுவார்கள். அப்புறம் வால்வைத் திறந்து, காற்றழுத்தம் காட்டும் மீற்றரைப் பார்த்தபடியே நாலைந்து தரம் மூச்சிழுக்க வேண்டும். முள் ஆடினால் வால்வு முழுக்கத் திறபடவில்லை. ஆடாமல் 200 பார் அழுத்தத்துக்குக் கிட்ட நின்றால் சரி.

குறையும் உண்டு. 3 மில்லிமீற்றர் தடிப்பான நீருடையில் பெண்களின் அளவு குறைவு, காலில் மாட்டும் ஃபின்ஸ் பழசு.

1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கி ஹேர்மிஸ் கப்பலுக்குக் கூட்டிப்போகக் கேட்டால் மறுத்துவிடுவார்கள். புதியவருக்கு எல்லை 18 மீற்றர். கப்பல் கிடப்பதோ 50 மீற்றருக்கும் கீழே. காசுக்காகத் தலையாட்டாத கடை. மே முதல் செப்டெம்பருக்குள், காலையிலேயே போங்கள்.