ஏற்காட்டில் ஒரு தியான முகாம்: செல்லுஞ்செலவைக் கணக்கிடுதல்

ஏற்காட்டின் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே உள்ள தியான இல்லமொன்றில் நடந்த வார இறுதி முகாமுக்கு எடுத்துக்கொண்ட பகுதி, கோபுரம் கட்ட மனதாயிருப்பவன் முதலில் உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று இயேசு சொன்ன லூக்கா 14ஆம் அதிகாரம். போதகர் அதை உணர்ச்சிப் பிரசங்கமாக்காமல், நிலப் பத்திரத்தில் குறைத்துக் காட்டும் விலை, ரசீதில்லா வியாபாரம், வீட்டு வேலை செய்பவருக்கு நாம் கொடுக்கும் குறைந்த சம்பளம், மகனுக்கு வாங்கும் வரதட்சணை என ஒவ்வொன்றாக எடுத்து, இவற்றை விட்டால் நமக்கு எவ்வளவு இழப்பு என்று தாளில் எழுதச் சொன்னார். சேலத்து வெள்ளிப் பட்டறைக்காரர்களும் ஜவுளி வியாபாரிகளும் அமர்ந்திருந்த அவையில் இதைச் சொல்லத் துணிவு வேண்டும். அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திருப்பிக் கொடுக்க முன்வந்த, பைபிளில் வரும் வரி வசூலிப்பவரான சகேயுவையும், நாஜி ஆட்சியை எதிர்த்து 1945இல் தூக்கிலிடப்பட்ட ஜெர்மானியப் போதகர் பான்ஹோஃபரையும் அவர் எடுத்துக்காட்டினார். பின்னவரின் மரணத்தைவிட முன்னவரின் கணக்கே எங்களை அதிகம் நெளிய வைத்தது என்பது வேறு விஷயம். ஆனால் திருமணத்தில் சாதி பார்ப்பதை ஒரே வாக்கியத்தில் கடந்து போனது பெருங்குறை. நம் சபைகளில் அதிக விலை கேட்கும் இடம் அதுதான். அறைகள் சுத்தம், சாப்பாடு எளிமை. கட்டணம் என்று எதுவும் இல்லை, இயன்றதைக் காணிக்கையாகக் கொடுக்கலாம். தம்பதியராகப் போகிறவர்கள், இருவரும் ஒரே தாளில் எழுத அனுமதி கேட்டுக்கொள்வது நல்லது.