ராணுவத்தினருக்கு 40 சதவீதத் தள்ளுபடி என்று போன் வந்தால் உடனே வைத்துவிடுங்கள்

நேற்று மதியம் வரை என் காருக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. 11,850 ரூபாய் கொடுத்து நான் வாங்கியது என் கார் நம்பரில் போட்ட ஒரு ஸ்கூட்டர் பாலிசி. இன்னும் கோபம் அடங்கவில்லை. ஆனாலும் இன்றைக்கே எழுதிவிட வேண்டும், இன்னொரு முன்னாள் படைவீரர் மாட்டக்கூடாது.

22 வருஷம் ராணுவத்தில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவன் நான். வீடு கடலூர் மஞ்சக்குப்பம். 1,197 சிசி பெட்ரோல் கார். 5 வருஷமாக ஒரு கிளெய்ம்கூட எடுத்ததில்லை, அதனால் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் எடுக்காததற்கு ரினியூவலில் கிடைக்கும் குறைப்பு, 50 சதவீதம் சேர்ந்திருந்தது. நாலு மாதத்துக்கு முன்னால் ரினியூவல் வந்தது. பழைய கம்பெனி கிளையில் 14,200 என்றார்கள். மற்ற இடத்திலும் பார்க்கலாமே என்று, பல கம்பெனிகளின் பிரீமியத்தை ஒப்பிட்டுக் காட்டும் ஒரு இணையதளத்தில் கார் நம்பர், பாலிசி முடியும் தேதி எல்லாம் போட்டு, ராணுவத்தினர் என்ற கட்டத்திலும் டிக் செய்தேன். பத்தே நிமிஷத்தில் போன்.

எடுத்ததும் "ஜெய் ஹிந்த் சார்" என்றான். எந்த ரெஜிமென்ட் என்று கேட்டான். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றேன். "வெலிங்டனா சார்! எங்க சித்தப்பாவும் அங்கதான் ட்ரெயினிங்." குன்னூர் குளிர், காலை பி.டி., மெஸ் சாப்பாடு என்று அஞ்சு நிமிஷம் இன்சூரன்ஸ் பேச்சே எடுக்கவில்லை. ஊருக்கு வந்த பிறகு நம்மிடம் அதையெல்லாம் யார் கேட்கிறார்கள்? அங்கேதான் அவனை நம்பினேன்.

"அமெரிக்காவுல மிலிட்டரிக்குத் தனி இன்சூரன்ஸே இருக்கு சார், அதே மாதிரி இங்கயும் இப்ப வந்திருக்கு" என்றான். அமெரிக்காவில் இருப்பது உண்மைதான். 1922-ல் ராணுவ அதிகாரிகள் ஒன்றுசேர்ந்து ஆரம்பித்த யுஎஸ்ஏஏ இன்றும் அங்கே படையினருக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் கார் காப்பீடு கொடுக்கிறது. அந்த உண்மையோடு சேர்த்துத்தான் பொய்யையும் விற்றான். 19,750 ரூபாய், 40 சதவீதம் போக 11,850. முன்னாள் படைவீரர் அடையாள அட்டை, ஆதார், பென்ஷன் ஆர்டர் நகல் எல்லாம் வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டு ஒரு க்யூஆர் அனுப்பினான்.

ஸ்கேன் செய்தது என் மகள். "அப்பா, கம்பெனி பேர் வரல, யாரோ ஆள் பேர் வருது" என்றாள். அவனைக் கேட்டேன். "டீம் லீடர் அக்கவுண்ட் சார், ஆர்மி கோட்டா அதுலதான் போகும். சைட்ல கட்டினா தள்ளுபடி வராது." மகளைச் சும்மா இரு என்று அதட்டிவிட்டு 11,850 ரூபாயை அனுப்பச் சொன்னேன். பாலிசி பி.டி.எஃப். வந்தது, என் பேர், கார் மாடல் எல்லாம் சரியாக இருந்தது. போனை வைக்கும்போது "வீர மதராசி" என்றான். எங்கள் ரெஜிமென்ட்டின் போர் முழக்கம் அது. அதைச் சொல்லி ஏமாற்றியதை என்னால் தாங்க முடியவில்லை.

போன வாரம் தவளக்குப்பம் பக்கம் ஒரு பையன் சைக்கிளோடு குறுக்கே வந்தான். வண்டியை ஒடித்தேன், சென்டர் மீடியனில் மோதியது. பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. பம்பர், ரேடியேட்டர், ஹெட்லைட் போயிற்று. ஒர்க்‌ஷாப்பில் எஸ்டிமேட் 34,600. கிளெய்ம் போட்டால், பாலிசி நம்பர் இருக்கிறது, ஆனால் கம்பெனிப் பதிவில் அது இரு சக்கர வாகனம் என்கிறார்கள். மலிவாக ஸ்கூட்டர் பாலிசி எடுத்து, எனக்கு பி.டி.எஃப்.பை மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறான்.

அவன் நம்பர் உபயோகத்தில் இல்லை. இணையதளத்துக்கு அடித்தால் முதல் நாள் "சர்வர்ல அப்டேட் ஆகல சார்". மறுநாள் "டிக்கெட் போட்டிருக்கோம், 7 வேலை நாள்". மூன்றாம் நாள் "அந்தப் பேர்ல எங்ககிட்ட ஸ்டாஃப் யாரும் இல்ல". அப்படியானால் உங்கள் தளத்தில் நான் போட்ட தேதியும் கார் நம்பரும் பத்து நிமிஷத்தில் அவன் கைக்கு எப்படிப் போயிற்று? பதில் இல்லை. சாயங்காலம் 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று மெசேஜ் மட்டும் வந்தது.

11,850 போனது மட்டுமா? பழைய பாலிசி முடிந்து 90 நாள் தாண்டிவிட்டதால் 50 சதவீத நோ கிளெய்ம் போனஸும் போச்சு. அந்தப் பையன் மேல் இடித்திருந்தால் நஷ்டஈடு முழுக்க என் தலையில் விழுந்திருக்கும். நினைத்தாலே தூக்கம் வரவில்லை.

எதை எப்படி ஒப்பிடுவது என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். தேர்டு பார்ட்டி பிரீமியம், அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் பாதிப்புக்கானது, அரசு நிர்ணயிப்பது. 1,000 சிசிக்கு மேல் 1,500 வரை உள்ள கார்களுக்கு 2022 ஜூனில் வைத்தது 3,416 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. அதில் யாரும் தள்ளுபடி தர முடியாது. ஒரு கம்பெனி தானாகக் குறைத்தால், நம் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கான சொந்தச் சேதப் பகுதியில் மட்டும்தான். மொத்தத் தொகையில் 40 சதவீதம் என்றாலே பொய். தனி ஆள் பேருக்குப் பணம் அனுப்பாதீர்கள். பாலிசி வந்த அன்றே கம்பெனியின் சொந்தத் தளத்தில் நம்பரைப் போட்டு, வண்டி வகை கார் என்று இருக்கிறதா என்று பாருங்கள். வண்டி விவரம் காட்டும் ஆப்பில் 'இன்சூரன்ஸ் உள்ளது' என்று வந்தால் போதாது, எனக்கும் அப்படித்தான் வந்தது. பென்ஷன் ஆர்டரை யாருக்கும் அனுப்பாதீர்கள். பணம் போனால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அடியுங்கள். இன்சூரன்ஸ் புகாருக்கு 155255.

நாளை காலை பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு சைபர் கிரைமுக்குப் போகிறேன். கடலூர், புதுச்சேரியில் "வெலிங்டனா சார்" என்று யாருக்காவது இதே போன் வந்திருந்தால் தேதியையும் நம்பரையும் எனக்கு அனுப்புங்கள், சேர்த்தே கொடுத்துவிடுகிறேன்.