லேபல் பிரிண்டர்: மெஷின விட டேப்தான் முக்கியம் (வீட்டு ஒர்க்‌ஷாப் அனுபவம்)

லேபல் பிரிண்டர் தேடுறவங்க பெரும்பாலும் ப்ளூடூத் இருக்கா, ஆப் எப்படி, எத்தன வெள்ளின்னுதான் கேக்குறாங்க. சூடு பட்டா கறுக்கற பேப்பர்ல அடிக்கறது, பிளாஸ்டிக் டேப்புல அடிக்கறதுன்னு ரெண்டு விதமான மெஷினையும் சில வருஷமா மாத்தி மாத்தி யூஸ் பண்ணிட்டு இருக்கேன், என்னைக் கேட்டா உள்ள போற டேப் என்ன டேப்னு முதல்ல பாருங்க, மத்ததெல்லாம் அப்புறம்.

நம்ம ஒர்க்‌ஷாப் சிங்கப்பூர் வீவக வீட்டு (அரசாங்க அடுக்குமாடி வீடு) பாம் ஷெல்டர்லதான், அதாவது வீட்டுக்குள்ளயே இருக்கற கனமான கதவு போட்ட பாதுகாப்பு அறை. இரும்பு ரேக் முழுக்க டப்பா, ஸ்க்ரூ, ரெசிஸ்டர், ஃபேன் கெப்பாசிட்டர், எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கற சிம் லிம் டவர்ல வாங்கிட்டு வர்ற கனெக்டர்னு எல்லாம் அதுலதான் கெடக்கு. மேஜைல சால்டரிங் அயர்ன், ஸ்பிரிட், மெஷின் ஆயில். நம்ம ஊரு புழுக்கத்துல கதவ மூடி வச்சா உள்ள ஒரே ஈரப்பதம். இத்தனையும் தாங்குற லேபல்தான் நமக்கு வேணும்.

மொதல்ல ஆன்லைன்ல வாங்குன குட்டி ப்ளூடூத் பிரிண்டர், டைரக்ட் தெர்மல் வகை. இதுல மையே கிடையாது, பேப்பர் மேல ஒரு பூச்சு இருக்கும், சூடு பட்ட இடம் கறுக்கும், அதுதான் எழுத்து. பிரச்சினையும் அங்கதான், பிரிண்டர் குடுக்குற சூடுக்கும் சால்டரிங் அயர்ன் சூடுக்கும் அந்தப் பேப்பருக்கு வித்தியாசம் தெரியாது. ஸ்டாண்ட் பக்கத்துல இருந்த டப்பாவுல லேபலோட ஒரு ஓரம் அப்படியே கறுத்துப் போச்சு. ஸ்பிரிட் பாட்டில்ல ஒட்டுனது இன்னும் மோசம், வழிஞ்ச துளி பட்ட எடமெல்லாம் கறுப்பா படர்ந்து என்ன எழுதியிருக்குன்னே தெரியல. பின்பக்கம் சர்வீஸ் யார்டுல வெயில் படுற டூல் பாக்ஸுல ஒட்டுனது நேர்மாறா வெளுத்துப் போச்சு. ஆனா அந்த மெஷின தூக்கிப் போடல, இப்ப கிச்சன்ல ஃப்ரிட்ஜ் டப்பாவுக்கு தேதி போட யூஸ் ஆகுது, ஒரு வாரம் நின்னா போதுங்கற லேபலுக்கு அது அருமையான மெஷின், செலவும் கம்மி.

ஒர்க்‌ஷாப்புக்கு இப்ப ஓடுறது பிரதர் பி-டச் கியூப் பிளஸ், மாடல் பிடி-பி710பிடி. இதுக்கு டிஇசட்இ (TZe)ங்கற பிரதரோட டேப் கேசட், 3.5 மிமீலேர்ந்து 24 மிமீ அகலம் வரைக்கும் போடலாம். இந்த லேமினேட்டட் டேப்புல எழுத்து மேல இருக்குற தெளிவான படலத்தோட உள்பக்கமா அச்சாகும், அதுக்கு அடியில பசை டேப் வந்து ஒட்டிக்கும், ஆக நீங்க விரல்ல தொடுறது பிளாஸ்டிக்க, எழுத்த இல்ல. எம்3 ஸ்க்ரூ டப்பாவ எண்ணெய்க் கையோட எத்தன தடவ எடுத்திருப்பேன்னு கணக்கே இல்ல, துணில ஸ்பிரிட் நனைச்சு தொடச்சா அழுக்குதான் போகுது, "எம்3 x 8" அப்படியே நிக்குது.

கொறையும் இருக்கு, சொல்லிடறேன். பிரிண்ட் ஹெட்டுக்கும் கட்டருக்கும் நடுவுல இடைவெளி இருக்கறதால ஒவ்வொரு தடவ அடிக்கும்போதும் முன்னாடி சுமார் இரண்டரை சென்டிமீட்டர் டேப் வீணாப் போகும். ஒரு கேசட்டுல 8 மீட்டர்தான். 5 செமீ லேபல ஒண்ணு ஒண்ணா அடிச்சா 106 வரும், அஞ்சு அஞ்சா சேத்து அடிச்சா 145 வரும், டேப் விக்கிற விலைக்கு இது சின்ன விஷயம் இல்லீங்க. அதனால ரெசிஸ்டர் வேல்யூ எல்லாம் எக்செல்ல லிஸ்ட் போட்டு வச்சு, யுஎஸ்பில லேப்டாப்புக்கு கனெக்ட் பண்ணி பி-டச் எடிட்டர்ங்கற பிரதர் சாஃப்ட்வேர்லேர்ந்து மொத்தமா அடிச்சிடறேன். யுஎஸ்பி இருக்கற மாடலா வாங்குங்கன்னு சொல்றதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு, ஃபோன் ஆப்ப மட்டும் நம்புன மெஷின், நாளைக்கு அந்த ஆப்ப நிறுத்திட்டா சும்மா ஒரு பெட்டிதான்.

வாங்கறதுக்கு முன்னாடி வேற கம்பெனி டேப் அதுல ஓடுமான்னும் பாத்துக்கங்க. டைமோ லேபல்ரைட்டர் 550 வரிசை ரோல்ல இருக்கற சிப்ப படிச்சு அவங்க லேபல் மட்டும்தான் ஏத்துக்கும். டிஇசட்இ சைஸ்ல கம்பாட்டிபிள் கேசட் நெறைய கிடைக்குது, நானும் போட்டிருக்கேன், டப்பாவுக்கு ஓகே, ஆனா ஒரு கடைல வாங்குன செட்டுல மேல் படலமும் அடி டேப்பும் தனித்தனியா பிரிஞ்சு வந்துச்சு, அதனால மெயின் சுவிட்ச், ரசாயன பாட்டில் மாதிரி முக்கியமான எடத்துக்கு ஒரிஜினல்தான்.

அப்பாவுக்காக சில டப்பாவுல தமிழ்லயும் அடிக்கிறேன், ஃபோன்ல டைப் பண்ணா தமிழ் நல்லாவே வருது. 180 டிபிஐ (ஒரு இஞ்சுக்கு 180 புள்ளி)ங்கறதால 12 மிமீ டேப்புல ரெண்டு வரி போட்டா "ணி", "ஞை" எல்லாம் சுழி அடைஞ்சு போகுது, 18 மிமீல ஒரே வரியா போட்டா அப்பா கண்ணாடி இல்லாமலே படிக்கறாரு.

ஒட்டறதுல ரெண்டு விஷயம். வழவழப்பான சாப்பாட்டு டப்பா பிளாஸ்டிக்ல சாதா டேப் ஓரம் தூக்கும், அதுக்கு பசை அதிகமான டிஇசட்இ-எஸ் டேப் இருக்கு, ஒட்டறதுக்கு முன்னாடி ஸ்பிரிட் போட்டு தொடச்சு நல்லா காய விடுங்க. ஒல்லி வயர்ல சாதா டேப்ப சுத்துனா ரெண்டு நாள்ல விறைச்சு பிரிஞ்சிடும், டிஇசட்இ-எஃப்எக்ஸ்னு வளையற டேப் வாங்கி சுத்துங்க, இல்லன்னா கொடி மாதிரி ரெண்டு முனையையும் சேத்து ஒட்டிடுங்க.